முன் அனுபவம் அவசியம்

ஜூன் 6

அக்காவுக்கு,

நேற்றிலிருந்து ஏழு முறை கூப்பிட்டிருக்கிறாய். நான் எடுக்கவில்லை. எடுத்தால் நான் கத்துவேன், நீ குறுக்கே பேசுவாய். தாளில் இரண்டும் நடக்காது. அதனால் எழுதுகிறேன்.

கல்லூரிக் கூடைப்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் வேலைக்கு நேர்காணல் வியாழக்கிழமை. பத்திரிகையில் உன் பத்தி வந்தது செவ்வாய்க்கிழமை. 'கல்லூரி அணியைப் புதுமுகத்திடம் ஒப்படைக்கலாமா?' நல்ல தலைப்பு. அறைக்குள் போனதும் என் கண்ணில் பட்டதே அதுதான். குழுவில் ஐந்து பேர். முதல்வருக்கு முன்னால் கத்தரித்த பத்திரிகைத் துண்டு, அதில் சிவப்பு மையில் அடிக்கோடுகள். விளையாட்டுச் செயலர் அதை எட்டி எட்டிப் பார்த்துத்தான் கேள்வி கேட்டார்.

"பதினோரு வருஷமா நம்ம காலேஜ்ல அசிஸ்டென்ட் கோச். ஒரு மேட்ச்லயாவது தனியா முடிவு எடுத்திருக்கீங்களா?"

"இல்ல சார்."

"தோத்தா யார் பதில் சொல்வாங்க?"

"நான்தான் சார்."

"இதுவரைக்கும் சொன்னதுண்டா?"

பழைய கோச் ஓய்வு பெறும்வரை பதில் சொல்லும் வேலை அவருடையது. என் வேலை அவர் காதில் சொல்வது. இதை எப்படி விளக்குவது?

'டிரைவர் பக்கத்து சீட்டில் பதினோரு வருடம் உட்கார்ந்தவருக்கு வழி தெரியும். பிரேக் எங்கே இருக்கிறது என்று தெரியுமா?' என்று எழுதியிருந்தாயே, அதையும் வாசித்துக் காட்டினார்கள். ஐந்து பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருந்தால் இன்னும் கேவலம்.

நான் விண்ணப்பித்தது உனக்குத் தெரியும். உன் மகள் சிட்டு அதே அணியில் ஆடுகிறாள் என்பது ஊருக்கே தெரியும். பத்தியின் அடியில் ஒரு வரி போட்டிருக்கலாமே, 'எழுதியவரின் மகள் இந்த அணியில் ஆடுகிறார், விண்ணப்பித்தவர்களில் ஒருவர் அவருடைய தம்பி' என்று. பத்திரிகையில் இடமில்லையா?

உன் தம்பி


ஜூன் 13

தம்பிக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

நீ விண்ணப்பித்தது தெரியும். பத்தியில் பாதியை எழுதி முடித்திருந்தபோது சிட்டு சொன்னாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். தம்பிக்காக நிறுத்தினால் அதுவும் சலுகைதானே என்று தொடர்ந்தேன். நீ சொல்லும் அந்த ஒரு வரியைப் போடாதது தவறுதான். போட்டிருந்தால் ஆசிரியர் பத்தியையே தூக்கியிருப்பார். அதற்குப் பயந்துதான் போடவில்லை. இருபத்து மூன்று வருடம் நிருபராக இருந்துவிட்டு இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆனால் எழுதியதில் பொய் கிடையாது. கடந்த பத்து வருடத்தில் ஒன்பது கல்லூரிகள், அதற்குமுன் எந்த அணிக்கும் தலைமை ஏற்காத ஒருவரைத் தலைமைப் பயிற்சியாளராக எடுத்திருக்கின்றன. ஒன்பது இடத்துக்கும் போன் செய்தேன். ஏழு பேர் இரண்டு வருடத்துக்குள் வெளியே. ஓரிடத்தில் அணியையே கலைத்துவிட்டார்கள். கல்லூரிப் பிள்ளைக்குக் கிடைப்பது மூன்று சீசன். அதில் இரண்டைக் கோச் கற்றுக்கொள்வதற்குக் கொடுத்துவிட்டால் அவளுக்கு என்ன மிச்சம்?

சிட்டுவுக்கு இது கடைசி வருடம். நான் தாயாகவும் யோசித்தேன். நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

உன் அத்தான் கேட்கிறார், "நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கறதுக்குத் தபால்காரர் ஏன் மாடி ஏறணும்?" போனை எடு.

அக்கா


ஜூலை 2

அக்காவுக்கு,

எனக்கே கொடுத்துவிட்டார்கள்.

என்னைப் பிடித்துப்போய் இல்லை. பதினைந்து வருட அனுபவம் உள்ள வெளியூர்க்காரர் ஒருவரைத்தான் முடிவு செய்திருந்தார்கள். அவர் குடியிருக்க வீடு பார்க்க வந்தார், மைதானத்தைப் பார்த்தார், போய்விட்டார். கடிதத்தில் 'சோதனை அடிப்படையில், ஒரு சீசனுக்கு மட்டும்' என்று இருக்கிறது. சீசன் முடிந்ததும் குழு மறுபடி கூடி என்னை வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யும்.

பந்து அறைச் சாவி இப்போது என்னிடம். மூன்று நாளாகக் காலை ஐந்தரைக்கே போய்விடுகிறேன். பிள்ளைகள் வருவது ஆறு மணிக்கு. அந்த அரை மணி நேரமும் கோர்ட்டின் கோட்டுமேல் நடக்கிறேன். வீட்டிலும் அப்படித்தான். இவள் சொல்கிறாள், "கொஞ்சம் உட்காருங்க, தரை தேயுது."

ஒன்று கண்டுபிடித்தேன். பயிற்சியில் ஏதாவது தோன்றினால் என் தலை தானாக இடது பக்கம் சாய்கிறது. பழைய கோச் அங்கேதான் நிற்பார். இப்போது அங்கே யாருமில்லை. தோன்றியதை உரக்கச் சொல்ல வேண்டும், பன்னிரண்டு பேர் அதை அப்படியே செய்வார்கள். பயமாக இருக்கிறது.

புது அசிஸ்டென்ட் கேட்டேன், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள்.

சிட்டு கோர்ட்டில் "மாமா" என்று கூப்பிட்டாள். எல்லோருக்கும் முன்னால் திட்டினேன். "இங்க கோச். மாமா வாசலுக்கு வெளிய." அவள் "சரிங்க கோச்" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

உன் தம்பி


செப்டம்பர் 9

தம்பிக்கு,

இதை நிருபராக எழுதவில்லை.

ஐந்து ஆட்டம் முடிந்துவிட்டது. அவற்றில் சிட்டு எத்தனை நிமிடம் ஆடினாள் என்று ஸ்கோர் ஷீட்டைப் பார்த்து எண்ணினேன். பன்னிரண்டு, ஒன்பது, பதினொன்று, எட்டு, எட்டு. போன வருடம் இதே பிள்ளை முப்பது நிமிடத்துக்குக் குறைந்து ஆடியதில்லை. அந்த அணியில் வளையத்துக்குக் கீழே நிற்கிற உயரம் உள்ளவர்கள் இரண்டே பேர், பதினான்காம் எண்காரியும் இவளும்.

ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலிலிருந்து வந்தாள். ஷூவைக் கழற்றாமல் சோபாவில் படுத்திருந்தாள். "மாமா என்ன சொல்றான்?" என்று கேட்டேன். "கோச் எதுவும் சொல்றதில்ல" என்றாள். அவ்வளவுதான். ஆறடி உயரப் பெண் மூலையில் சுருண்டு கிடப்பதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

என்மேல் உள்ள கோபத்தை அவள்மேல் காட்டுகிறாயா? நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல்.

அக்கா


செப்டம்பர் 15

அக்காவுக்கு,

நேராகவே சொல்கிறேன். உன்மேல் கோபம் இருக்கிறது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

முதல் ஆட்டத்தில் சிட்டுவைத் தொடக்க ஐவரில் போட்டேன். பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவருடைய அப்பா சத்தமாகச் சொன்னார், "தாய்மாமன் கோச்சா இருந்தா நம்ம பொண்ணும் ஆடலாம்." மூன்றாம் நிமிடம் அவளை வெளியே எடுத்தேன், பிறகு கொஞ்ச நேரம்தான் உள்ளே விட்டேன். அவள் தவறு எதுவும் செய்யவில்லை. அந்த ஆள் வாயை மூடுவதற்காக எடுத்தேன்.

அதிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்திலும் அவளுடைய நிமிடத்தை எண்ணிக்கொண்டிருக்கிறேன். எட்டு ஆனதும் கை தானாக மேசைப் பக்கம் போய் மாற்று ஆள் கேட்கிறது. ஐந்தில் மூன்று தோற்றோம். அதில் ஒன்றாவது அவள் இருந்திருந்தால் நம்முடையது. பழைய கோச்சாக இருந்தால், "உன் அக்கா பொண்ணா இருந்தா என்னய்யா, உயரம் இருக்கில்ல, போடு" என்று சொல்லியிருப்பார். பிரேக் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதன்மேலேயே காலை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறேன்.

இனிமேல் சரி செய்கிறேன். இதை அவளிடம் சொல்லாதே, நானே சொல்கிறேன்.

உன் தம்பி


நவம்பர் 21

அக்காவுக்கு,

அரையிறுதிக்கு நீ வேறு ஊரில் வேறு செய்திக்குப் போயிருந்தாய். சிட்டு உன்னிடம் எதுவும் சொல்லியிருக்க மாட்டாள். அதனால் நடந்ததை நான் சொல்கிறேன்.

செப்டம்பருக்குப் பிறகு அவளைச் சரியாக ஆடவிட்டேன். ஆறு ஆட்டம் வரிசையாக வென்றோம். அது உனக்கே தெரியும், நீதான் இரண்டு வரிச் செய்தியாகப் போட்டாய். அரையிறுதிக்கு அவளைத் தொடக்கத்தில் போடவில்லை. அது திட்டம். எதிரணியின் உயரக்காரி கடைசி நான்கைந்து நிமிடத்தில் களைத்துவிடுவாள், அப்போது களைக்காத காலோடு சிட்டு இறங்க வேண்டும். அவளிடம் முன்தினமே சொன்னேன். "சரிங்க கோச், நான் காத்திருக்கேன்" என்றாள்.

ஆட்டத்துக்கு நாற்பது நிமிடம் முன்னால் பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டும். அதில் பெயர் இல்லாதவர் ஆட முடியாது. ஆட்டம் தொடங்கிவிட்டால் சேர்க்கவும் முடியாது. பதினோரு வருடம் நான்தான் அதை எழுதினேன். எழுதியதும் பழைய கோச் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒவ்வொரு பெயராக உரக்க வாசிப்பார், சம்பந்தப்பட்ட பிள்ளை கையைத் தூக்கும். அப்புறம்தான் கையெழுத்து. எனக்கு அது வேடிக்கையாக இருக்கும். பள்ளிக்கூடத்து ஆஜர் மாதிரி.

எப்போதும் சிட்டுவின் பெயரைக் கடைசியில்தான் எழுதுவேன். ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்குப் பதினோரு பெயர் எழுதியதும் மைதானக்காரர் வந்து, எங்கள் பெஞ்சு எதிர்ப்பக்கம் மாறிவிட்டது என்றார். எழுந்து போய் அதைச் சரி செய்தேன். திரும்பி வந்து அடியில் கையெழுத்துப் போட்டேன். எழுதுகிற கை என்னுடையது, கையெழுத்துப் போடுகிற கையும் என்னுடையது. வாசிக்க ஆளில்லை.

நான்கு நிமிடம் மிச்சம். இரண்டு புள்ளி முன்னால் இருந்தோம். பதினான்காம் எண்காரிக்கு ஐந்தாவது ஃபவுல், விதிப்படி வெளியே வந்தாள். சிட்டு மேல்சட்டையைக் கழற்றிவிட்டு மேசைக்கு ஓடினாள். ஸ்கோர் எழுதுகிறவர் விரலை மேலிருந்து கீழே இறக்கினார். மறுபடி இறக்கினார். "இந்தப் பேரு இல்லையே" என்றார்.

நான் போய்ப் பார்த்தேன். பன்னிரண்டாவது வரி காலி.

அவள் என்னைப் பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை. மேல்சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு நிமிடம் கழித்து, "கோச், ஏழாம் நம்பர் இடது பக்கமே திரும்புறா, அந்தப் பக்கத்தை மூடச் சொல்லுங்க" என்றாள். நான் சொன்னேன். மூடினார்கள். ஆனாலும் மூன்று புள்ளியில் தோற்றோம்.

அவளுடைய கடைசி ஆட்டம் அது. அவள் ஆடவே இல்லை.

உன் தம்பி


நவம்பர் 27

தம்பிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே அலுவலகத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. "இது உங்க சப்ஜெக்ட்தானே, எழுதுங்க" என்றார் ஆசிரியர். கோச் என் தம்பி, வெளியே உட்கார்ந்தது என் மகள் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "ஜூன்லயும் அவர் உங்க தம்பிதானே?" என்றார். என் பத்தியை ஒரு மாதம் நிறுத்திவைத்திருக்கிறார். செய்தியை வேறொருவர் எழுதினார். அதில் தவறில்லை, படித்துப் பார்த்தேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டாய். இருக்கிறது. அவளுடைய நான்கு நிமிடத்தை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. நான் ஜூனில் எழுதியது இதைத்தான். சரியாகச் சொல்லியிருக்கிறேன் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

இன்னொன்று கேள்விப்பட்டேன். ஸ்கோர் எழுதியவர்தான் பெயரை விட்டுவிட்டார் என்று புகார் கொடுக்கச் சொன்னார்களாமே. உண்மையா? நீ என்ன சொன்னாய்?

அக்கா


டிசம்பர் 12

அக்காவுக்கு,

உண்மை. விளையாட்டுச் செயலர் தன் அறைக்குக் கூப்பிட்டார். டைப் செய்து வைத்திருந்தார். "நீங்க பன்னெண்டு பேர் குடுத்தீங்க, அவங்க காப்பி எடுக்கும்போது ஒண்ணு விட்டுட்டாங்க. கையெழுத்துப் போடுங்க. மறு ஆட்டம் கிடைக்குதோ இல்லையோ, உங்க வேலை நிக்கும்."

"சார், அந்தப் பட்டியல் என் கையெழுத்துல இருக்கு."

"அந்தத் தாளை யாருய்யா தேடப் போறாங்க?"

ஸ்கோர் எழுதியவர் பள்ளி வாத்தியார். விடுமுறை நாளில் வந்து உட்கார்ந்தவர். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கையெழுத்துப் போட்டால் என்ன என்றுதான் யோசித்தேன், பொய் சொல்லவில்லை. மறுநாள் காலைப் பயிற்சியில் பிள்ளைகளை உட்காரவைத்து, பெயரை விட்டது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட முடியாதல்லவா? அதற்காகவே முதலில் சொன்னேன்.

நேற்றுக் குழு கூடியது. பத்து நிமிடம். நீட்டிப்பு இல்லை. முதல்வர் நல்ல மனிதர், வாசல்வரை வந்தார். "புது ஹெட் கோச் வர்றார். உங்க பழைய சீட் இன்னும் காலியாதான் இருக்கு" என்றார். வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் இவள், "இனி நடக்குறதுக்கு வீடு பத்தாது, தெருவுக்குப் போங்க" என்றாள்.

உன் பட்டியலில் எட்டாவது ஆளாக என்னைச் சேர்த்துக்கொள்.

ஒரு கல்லூரி ஆள் தேடுகிறது. ஏழு மணி நேரப் பயணம். விளம்பரத்தில், 'தலைமைப் பயிற்சியாளராக முன் அனுபவம் அவசியம்' என்று இருக்கிறது. எத்தனை வருடம் என்று போடவில்லை. என்னிடம் ஐந்து மாதம் இருக்கிறது. போன வருடம் என்னால் இதற்கு விண்ணப்பிக்கவே முடிந்திருக்காது. தோற்று வெளியே வந்ததில் இப்படி ஒரு தகுதி!

விண்ணப்பித்துவிட்டேன்.

உன் தம்பி


ஜனவரி 20

தம்பிக்கு,

பத்தி இல்லாத ஒரு மாதத்தில் செய்ய வேண்டியதைச் செய்தேன். ஜூனில் அந்த ஏழு பேரும் நீக்கப்பட்டார்கள் என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டேன். பிறகு என்ன ஆனார்கள் என்று நான் கேட்கவில்லை. இப்போது தேடிப் போனேன். ஒருவர் வெளிநாட்டில், கிடைக்கவில்லை. ஒருவர் ஷூக்கடை வைத்திருக்கிறார், பந்தைப் பற்றிப் பேச மறுத்துவிட்டார். இன்னொருவர் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். மிச்சம் நான்கு பேர் இரண்டாவதாக ஒரு கல்லூரிக்குப் போனார்கள். நான்கு பேரும் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். அவர்களில் குறைவாக இருப்பவருக்கே நான்கு வருடம் ஆகிவிட்டது.

அவர்களில் ஒரு பெண்மணி சொன்னதைக் குறித்துக்கொண்டேன். "முதல் காலேஜ் பிள்ளைங்க தோள்மேல ஏறித்தான் நான் கோச் ஆனேன். அவங்க யாரும் இப்ப எனக்குப் போன் பண்றதில்ல. நானா இருந்தாலும் பண்ண மாட்டேன்."

இதை அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறேன். தொடக்கமே நீ கேட்ட அந்த வரிதான், மகள், தம்பி எல்லாம் சேர்த்து. என் கருத்து முழுதும் மாறவில்லை. பாதி மாறியிருக்கிறது.

இப்போது கடிதம் எழுதக் காரணம் வேறு. நேற்று நீ விண்ணப்பித்த கல்லூரியின் முதல்வர் என் அலுவலகத்துக்குப் போன் செய்தார். அம்மையாருக்கு நான் யாரென்று தெரியாது. "நீங்க இந்த விஷயத்துல எழுதுறவங்க. இவரைப் பத்தி என்ன நினைக்கறீங்க?"

"நான் அவனோட அக்கா. என்கிட்ட கேக்காதீங்க."

சிரித்தார். "அப்ப யாரைக் கேக்கறது?"

அணித்தலைவியின் எண்ணைத் தருகிறேன் என்றேன். அவர், "வேண்டாம். பேரு விட்டுப்போச்சே, அந்தப் பொண்ணு நம்பர் குடுங்க" என்றார்.

"அது என் மகள். அவளும் அவனுக்குச் சொந்தம்தான்."

"சொந்தமா இருக்கட்டும்மா. விட்டுப்போனது அவ பேருதானே?"

சாயங்காலம், விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த சிட்டுவுக்குப் போன் வந்தது. நானும் உன் அத்தானும் கூடத்தில் இருந்தோம். அவள் எங்களைப் பார்த்தாள், அறைக்குள் போனாள், கதவைச் சாத்தினாள். இருபத்தைந்து நிமிடம். வெளியே வந்து தண்ணீர் குடித்தாள். நான் வாயைத் திறந்தேன். உன் அத்தான் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

அவள் உன்னை மன்னித்துவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுகிறாள். எதற்கும் மனதைத் தயார் செய்துகொள்.

அக்கா


பிப்ரவரி 3

அக்காவுக்கு,

வேலை கிடைத்துவிட்டது. மூன்று வருடம். இந்த முறை 'சோதனை' என்ற சொல் இல்லை.

நேர்காணலில் முதல்வர் அம்மா பட்டியலைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எனக்கு அதுதான் நெஞ்சில் இடித்தது. எழும்போது நானே, "மேடம், அந்த அரையிறுதி…" என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அந்தப் பொண்ணு பேசி முடிச்சதும் விண்ணப்ப லிஸ்ட்ல இருந்த மத்தவங்களுக்கு நான் போன் போடல."

"என்ன சொன்னா மேடம்?"

"நல்லதும் சொன்னா, மத்ததும் சொன்னா. எதையும் விடல. உங்களுக்குத் தெரியணும்னா அவகிட்ட கேளுங்க."

கேட்கப் போன் எடுத்தேன். மூன்று நாளாக எடுத்து எடுத்து வைக்கிறேன். அவள் என்னைக் காப்பாற்றினாள் என்று நான் எடுத்துக்கொண்டால் அது எனக்கு வசதி. இந்த ஆள் என்னென்ன செய்வான் என்று அவள் விவரமாகச் சொல்லி, அதைக் கேட்ட பிறகும் எடுத்திருக்கிறார்கள் என்றால் அது வேறு. இரண்டில் எது என்று தெரியாமலே இங்கே வந்துவிட்டேன். வாடகை அறை, ஒரு ஜன்னல், கீழே பேருந்து நிலையம். பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை.

இங்கேயும் பன்னிரண்டு பிள்ளைகள். திங்கள்கிழமை காலை ஆறு மணிக்கு வருவார்கள். அவர்களில் நான்கு பேருக்கு வருகிற சீசன்தான் கடைசி. அந்த நான்கு பேருடைய அம்மாக்களும் என்னை இன்டர்நெட்டில் தேடிப் பார்த்திருப்பார்கள். பார்க்கட்டும். பயப்படட்டும். நானாக இருந்தாலும் பயப்படுவேன்.

நீ நிருபர், உனக்குக் கை அரிக்கும். ஆனாலும் சிட்டு என்ன சொன்னாள் என்று நீ கேட்காதே, அக்கா. அதைக் கேட்க வேண்டியவன் நான். கேட்கிற தைரியம் வந்ததும் நானே அவளுக்குக் கடிதம் எழுதுவேன். என்ன பெயர் போட்டுக் கையெழுத்திடுவது, மாமாவா, கோச்சா என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.

உன் தம்பி